ரசமட்டம் பூஜையில் இருந்த நாள்

அந்த வண்டி நம் ஊர்ச் சாலைகளுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. வெளிநாட்டில் யாரோ ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு மலை, கடற்கரை என்று சுற்றுவதற்காகக் கட்டிய வீட்டு வண்டி. இரண்டு மடக்குக் கட்டில், ஒரு குட்டிச் சமையல் மேடை, சன்னலுக்குப் பூப்போட்ட திரை, மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி. அவர்கள் சுற்றி முடித்த பிறகு எந்தப் புண்ணியவானோ அதை எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாகக் கப்பலேற்றிவிட்டார். அறுபதுகளின் நடுவில் அது திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே அம்மை குத்தும் வண்டியாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா, ஓட்டுநர், நர்ஸாக நான், மூன்று பேர்தான் அதில். பூப்போட்ட திரையை மட்டும் யாரும் கழற்ற நான் விடவில்லை.

குளிர்ப்பெட்டியை என் தலையில் கட்டினார்கள். மின்சாரம் வேண்டாம், மண்ணெண்ணெய் போதும் என்கிற பெட்டி. அடியில் இழுப்பறை மாதிரி ஓர் எண்ணெய்த் தொட்டி, அதில் வட்டத் திரி, திரிக்கு மேலே பெட்டியின் முதுகோடு ஏறிப்போகும் புகைக்குழாய். கீழே தீ எரிந்தால் பின்பக்கக் குழாய்களுக்குள் இருக்கும் அம்மோனியா கொதித்து மேலே ஏறும். ஆறி இறங்கி வருகிற வழியில் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். டாக்டரம்மா நோட்டில் படம் போட்டு இதை விளக்கினார். எனக்கு முழுதும் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அடுப்பு எரிச்சா ஐஸு வருமா? இன்னா சிஸ்டர், காதுல பூ சுத்துறீங்களா?" என்றார் ஓட்டுநர். அவர் ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். கூப்பிட்ட கையோடு சண்டையும் போடுவேன்.

புரியாவிட்டால் என்ன, கை பழகிவிட்டது. திரியைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. கருகலைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் நுனி எட்டிப் பார்த்தால் புகைக்குழாயில் கரி அடையப்போகிறது என்று அர்த்தம். குழாய்க்குள் தொங்கும் முறுக்குத் தகட்டை அவ்வப்போது உருவித் தேய்க்க வேண்டும். சுடரைப் பார்க்க நான் தரையில் குப்புறப் படுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பேன். வண்டி ஓடும்போது தீயை அணைத்துவிடுவோம். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், பெட்டி சமமாக நிற்பது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் குழாய்களுக்குள் ஓட வேண்டியது ஓடாமல் தேங்கிவிடும். தீ அழகாக எரியும், குளிர் மட்டும் வராது.

அதற்காகக் கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்றை நானே வாங்கி வைத்திருந்தேன். எந்த ஊரில் வண்டி நின்றாலும் அதைப் பெட்டிக்குள் வைத்து, குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே வரும்வரை சக்கரத்துக்கு அடியில் செங்கல்லும் பலகையும் வைக்கச் சொல்லி ஓட்டுநரின் உயிரை எடுப்பேன். "இன்னும் அரை விரல்" என்பேன். "கட்டுன பொண்டாட்டிகூட என்னை இவ்ளோ பேஜாரு பண்ணல சிஸ்டர்" என்று மண்ணில் உட்கார்ந்துவிடுவார்.

இத்தனை பாடும் ஒரு சின்ன அட்டைப் பெட்டிக்காகத்தான். பெரியம்மைத் தடுப்பு மருந்து அப்போது மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர்ப்பதமாக வரும். அம்மைப்பால் என்போம். சூடு பட்டால் அதற்கு உயிர் போய்விடும். உயிர் போனதும் இருப்பதும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். குத்திய இடத்தில் எட்டாம் நாள் முத்து மாதிரி கொப்புளம் எழுந்தால் பிடித்தது என்று அர்த்தம். ஒன்றும் எழாவிட்டால் குத்தியும் குத்தாத கணக்குதான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நாங்கள் கும்மிடிப்பூண்டியில் ஓர் அரிசி மில் களத்தில் நின்றோம். இப்போது தொழிற்சாலைகளாக இருக்கிற பக்கம் எல்லாம் அப்போது சவுக்குத் தோப்பும் செங்கல் சூளைகளும். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் மழைத் தண்ணீர் வடிவதற்காக மேற்கே கொஞ்சம் சரித்துப் போட்டிருப்பார்கள். வந்த அன்றே ரசமட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மேற்குப் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்துச் சரிசெய்திருந்தோம்.

பூஜை என்றால் எனக்குக் குஷி. எங்கள் வீட்டில் அரிவாள்மனை முதல் அப்பாவின் கடப்பாரை வரை சந்தனம் வாங்காத பொருள் இருக்காது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடவும் கூடாது. நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு எனக்கென்று இருந்த ஆயுதங்களுக்கு நான் செய்த முதல் பூஜை அதுதான். அம்மை குத்தும் கருவிகள், இடுக்கி, குளிர்ப்பெட்டியின் வெப்பமானி, ரசமட்டம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு மணைப்பலகையில் அடுக்கிப் பொட்டு வைத்தேன். காலையிலேயே பெட்டியின் தீயை அணைத்து, புகைக்குழாயைத் தேய்த்து, முறுக்குத் தகட்டைப் பளபளவென்று ஆக்கினேன். மருந்தைப் பழவேற்காட்டு மீன் லாரியில் வாங்கிய ஐஸ் கட்டிகளோடு ஒரு பிளாஸ்கில் போட்டு வைத்தேன். அதுவரை நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை போட்டார் ஓட்டுநர். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாக வேண்டும், வண்டி அதை நசுக்கி நகர்ந்தாக வேண்டும், அதில் அவரிடம் பேச்சுக்கே இடமில்லை. பலகைகளை உருவினார். பழம் வைத்தார். கற்பூரம் காட்டி, வண்டியைக் கிளப்பி, "பட்" என்று நசுக்கி முன்னால் போய், பின்னால் வந்து, நின்ற இடத்திலேயே நிறுத்தினார். நான் கைதட்டினேன். வெட்கம்கெட்டுப் போய்ச் சொல்கிறேன், கைதட்டினேன்.

பிறகு பலகைகளை வைத்தோம். மட்டம் பார்க்க வேண்டுமே? ரசமட்டம் சந்தனமும் பூவுமாக மணையில் இருந்தது.

"எடுத்துப் பாத்துட்டு வெச்சிடலாமா அண்ணா?" என்றேன்.

"பூஜையில வெச்சதை எடுப்பாங்களா சிஸ்டர்? அதே எடம், அதே பலகை. எங்க போயிடப் போவுது?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நல்ல நாளில் மணையைக் கலைக்க மனசு வரவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன், சமமாகத்தான் தெரிந்தது. தீயைப் பொருத்தினேன். குப்புறப் படுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சுடர் மயில் கழுத்து நீலத்தில் நின்றது. பிளாஸ்கில் ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது. பண்டிகை நாளில் மீன் லாரி மறுபடி வராது. மருந்தைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அனாவசியமாகக் கதவைத் திறக்கக்கூடாது என்பது என்னுடைய சட்டம், அதனால் அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

விடிந்தும் விடியாமலும் சூளைக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எளாவூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் ஒரு பெண்ணுக்கு அம்மா வார்த்திருக்கிறது, நான்கு நாள் காய்ச்சல், நேற்றுதான் முகத்தில் முத்து போட்டது, கைக்குழந்தைக்காரி. டாக்டரம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டே வந்தார்.

"முகத்துல முத்து போட்டு ஒரு நாள்தான் ஆயிருக்கு. இன்னிக்குக் குத்தினா குழந்தை தப்பிச்சுக்கும். மூணு நாள் தாண்டினா ஒண்ணும் செய்ய முடியாது. மருந்தை எடு, எடு."

மறுபூஜையாவது ஒன்றாவது, மணையில் இருந்த கருவிகளை மட்டும் வாரிக்கொண்டேன். குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். முகத்தில் குளிர் அடிக்கவில்லை. அட்டைப் பெட்டியைத் தொட்டேன். வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி இல்லை, ஆனால் சில்லென்றும் இல்லை. வெதுவெதுப்பாக, என் கை மாதிரியே இருந்தது.

"சில்லுனு இருக்கா?" என்றார் டாக்டரம்மா. வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கு டாக்டர்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். பயம்தான். பெட்டியைப் பார்த்துக்கொள்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேர் ஒரு ராத்திரியில் போவதைத் தாங்க முடியவில்லை. தீ நன்றாகத்தானே எரிந்தது, என் கைதான் குளிர்ந்திருக்கிறது என்று எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டேன்.

சூளையில் ஒருத்தரும் கை நீட்டவில்லை. வீட்டில் அம்மா இருக்கும்போது ஊசி போட்டால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று பெண்கள் குழந்தைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்கள். அப்போது அந்த நோயாளிப் பெண்ணின் புருஷன்தான் முன்னால் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். உடம்பெல்லாம் செம்மண். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை.

"ஆத்தாவும் பொம்பள, டாக்டரம்மாவும் பொம்பள. ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. நீங்க கையை நீட்டுங்க" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, முதலில் தன் கையை நீட்டினான். அடுத்தது குழந்தையின் இடது கை. அதன் தோளில் ஒரு சொட்டு மருந்தை வைத்து, அதன்மேல் கருவியைப் பதித்துத் திருகினேன். குழந்தை வீரிட்டது. "அளாத நைனா, ஆச்சு, ஆச்சு" என்று அவன் அதைக் குலுக்கினான். அப்புறம் வரிசை நின்றது. ஒவ்வொரு கையாகக் குத்திக்கொண்டே போனேன். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரி வண்டியில் அனுப்பிவிட்டு, குழந்தையை இன்னொரு பால்கொடுக்கிற பெண்ணிடம் விட்டுவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் களத்துக்குத் திரும்பினோம். நாங்கள் போனது மில்லின் ஜீப்பில். வீட்டு வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. தீ இன்னும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த நீலத்தைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணையில் இருந்து வெப்பமானியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். காத்திருந்து பார்த்தேன். வெளியே இருந்ததைவிட உள்ளே ஒரு கோடு அதிகம். சந்தனம் காய்ந்த ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி நடுக்கோட்டைத் தாண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி முன்னும் பின்னும் போய் வந்ததில் ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது, சரிவு அங்கே அதிகம், பலகை போதவில்லை. ராத்திரி முழுக்க அந்தத் தீ குளிரவைப்பதற்குப் பதில் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓட்டுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குமிழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ காலையில குத்துனது?"

"செத்த மருந்து அண்ணா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வண்டிய நவுத்துனது நானு. எலுமிச்சம்பயம் வெச்சதும் நானு. டாக்டரம்மாகிட்ட நான் போய் சொல்றேன். நீங்க வாயத் தொறக்காதீங்க சிஸ்டர். எனுக்கு இந்த வேல இல்லன்னா லாரி கீது. உங்களுக்கு இன்னா கீது?"

நல்ல மனுஷன். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு வந்தது கொலைவெறி. ஏனென்றால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வண்டி நகர்ந்தது அவரால்தான், அதில் பொய் இல்லை. ஆனால் காலையில் "இருக்கு டாக்டர்" என்றது யார் வாய்? எட்டு நாள் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எட்டாம் நாள் கொப்புளம் வராவிட்டால் சரக்கே பழையது என்று சொல்லலாம். அதற்குள் அந்தக் குழந்தைக்கு மூன்று நாள் தாண்டிவிடும். ஒன்றரை நாள் ஏற்கெனவே போய்விட்டது.

டாக்டரம்மா மில் வராந்தாவில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். ரசமட்டம், பலகை, பழம், எல்லாம். அவர் சோற்றில் இருந்து கையை எடுக்கவில்லை.

"காலையில கையில எடுத்தப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"நான் கேட்டேன் இல்ல?"

"கேட்டீங்க."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "அப்பவே சொல்லியிருந்தா காலை ரயிலைப் பிடிச்சிருப்பேன். இந்நேரம் புது மருந்தோட திரும்பி வந்துட்டிருப்பேன். உன்னைத் திட்டறதுக்குக்கூட எனக்கு இப்போ நேரமில்ல. அடுத்த ரயில் பட்டணம் போய்ச் சேரவே பொழுது சாஞ்சிடும். ராத்திரியோட ராத்திரியா யாரையாவது எழுப்பி மருந்து வாங்கிட்டு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வரேன். நான் கொண்டு வர்ற ஐஸ் ஸ்டேஷன் வரைக்கும்தான் தாங்கும். நான் வரும்போது பெட்டி குளிர்ந்திருக்கணும். அந்த ஜனங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அடித்திருந்தால் தேவலை. அவர் ரயிலுக்கு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு பெட்டியிடம் போனேன்.

மட்டம் சரிசெய்து தீயை ஏற்றினால் போதும் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் ஆகியும் வெப்பமானி ஒரு கோடு இறங்கவில்லை. ராத்திரி முழுக்கச் சாய்ந்து எரிந்ததில் உள்ளே ஏதோ தேங்கி அடைத்துக்கொண்டது. வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்படி ஆனால் தீயை அணைத்து, சூடு ஆறவிட்டு, பெட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. மூன்று முறை படித்தேன். கண் தப்பாகப் படிக்கவில்லை.

"தலகீயாவா?" என்றார் ஓட்டுநர். "கொயாயில கீற அமோனியா வெடிச்சிடாது?"

"வெடிச்சா நான்தானே பக்கத்துல நிப்பேன். கழட்டுங்க."

அம்மோனியா கசிந்தால் மூக்கைப் பிய்க்கும் வாடை வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எண்ணெய்த் தொட்டியை உருவி வெளியே வைத்தோம். மில்லில் மூட்டை தூக்கும் நான்கு பேர் வந்து, பெட்டியை வண்டியில் இருந்து இறக்கி, சாக்கு விரித்துக் கவிழ்த்தார்கள். நான் முதுகுக் குழாய்களில் காதை வைத்தேன். முதலில் சத்தமே இல்லை. பிறகு உள்ளே எங்கோ குடுகுடுவென்று பானையில் இருந்து தண்ணீர் கவிழ்கிற மாதிரி ஒரு சத்தம். மூட்டைக்காரர்கள் நான்கடி பின்னால் போனார்கள். மூக்கை வைத்து முகர்ந்தேன். கரி வாடையும் சந்தன வாடையும்தான் வந்தன. பக்கவாட்டில் ஒருமுறை சாய்த்து, மறுபடி கவிழ்த்து, நிமிர்த்தினோம். வெயில் தாழும்வரை சும்மா நிற்கவிட்டோம். அந்தச் சும்மா நின்ற நேரம்தான் கொடுமை.

பொழுது சாய்ந்த பிறகு வண்டியில் ஏற்றி, குமிழியை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, தீ வைத்தேன். ஓட்டுநர் தானாகவே "இன்னும் அரை விரலா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் ஒன்றும் வைக்கவில்லை, வெப்பமானியைத் தவிர.

விடிந்ததும் கதவைத் திறந்தேன். உள்ளே மேல் தட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் பனி பூத்திருந்தது. விரலால் கீறிப் பார்த்தேன். பனிதான்.

எளாவூர் போகிற லாரியில் ஏறிச் சூளைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகக் கட்டினேன். போய் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. அந்தப் பெண்ணின் புருஷன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"நேத்து குத்தின மருந்து கெட்டுப்போன மருந்து. பிடிக்காது. இன்னிக்கு மறுபடியும் குத்தணும்" என்றேன்.

"இன்னாது?"

மறுபடி சொன்னேன். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். "நாங்கதான் சொன்னோமே, ஆத்தா கோவிச்சிக்குவான்னு" என்று ஒரு கிழவர் ஆரம்பித்தார். ஒருத்தி மண்ணை வாரி என் காலடியில் எறிந்தாள். அவன் மட்டும் எழுந்திருக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் சொல்லித்தான இவங்கல்லாம் கைய நீட்னாங்க" என்றான். பிறகு, "கெட்டுப்போனது உனுக்கு எப்போ தெரியும்?"

மத்தியானம் என்று சொல்லியிருக்கலாம். ரசமட்டம் பார்த்தது மத்தியானம்தானே.

"காலையில பெட்டிய எடுத்தப்பவே தெரியும். சில்லுனு இல்ல. பயத்துல சொல்லல."

அவன் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், நகரவில்லை. அடிக்கட்டும் என்றிருந்தது. அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"இப்போ சில்லுனு கீதா?"

"இருக்கு."

"உன் பேச்சக் கேட்டு நான் குத்த வுடமாட்டேன். நானே வந்து தொட்டுப் பாக்கணும்."

செங்கல் லாரியில் அவனும் குழந்தையும் பால் கொடுக்கிற பெண்ணும் அந்தக் கிழவரும் இன்னும் மூன்று பேரும் என்னோடு களத்துக்கு வந்தார்கள். நான் மனசுக்குள் பெட்டியை வேண்டிக்கொண்டே வந்தேன். போகிற போக்கில் மில் லாரி ஏதாவது வண்டியை இடித்திருந்தால்? தொட்டியில் எண்ணெய் தீர்ந்திருந்தால்? ஓட்டுநர் வண்டி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்.

கதவைத் திறந்தேன். அவன் கையை உள்ளே விட்டான். செம்மண் காய்ந்த விரல்களை அந்தப் பனியில் வைத்து அழுத்தினான். சட்டென்று இழுத்துக்கொண்டான். மறுபடி வைத்தான். அப்புறம் குனிந்து அடியில் எரிகிற தீயைப் பார்த்தான். கிழவரும் கையை விட்டுப் பார்த்தார். ஒவ்வொருவராக விட்டுப் பார்த்தார்கள். நானாக இருந்தால் இத்தனை நேரம் கதவைத் திறந்து வைக்க யாரையும் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சில்லுனு கீது" என்றான் அவன், என்னிடம் இல்லை, கிழவரிடம்.

மத்தியான ரயிலில் டாக்டரம்மா வந்து இறங்கினார். பிளாஸ்கைத் திறந்தபோது ஐஸ் கட்டி ஒன்று புளியங்கொட்டை அளவில் மிச்சம் இருந்தது. மருந்தைப் பெட்டிக்குள் வைத்து, அதில் ஒரு குழாயை எடுத்து என்னிடம் நீட்டினார். "வலது கையில குத்து" என்றார். குழந்தை என்னைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்தது. தப்பாமல் குத்தினேன். சாயங்காலமும் மறுநாள் காலையும் சூளைக்கே போய் மிச்சப் பேருக்கும் குத்தி முடித்தோம்.

அடுத்த எட்டு நாளும் நான் சாப்பிட்டது என்ன, தூங்கியது எப்போது என்று ஞாபகம் இல்லை. ஒவ்வொரு வேளையும் பெட்டிக்கு முன்னால் குப்புறப் படுத்துச் சுடரைப் பார்ப்பேன். எழுந்து ரசமட்டத்தைப் பார்ப்பேன். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று யாராவது சைக்கிளில் வந்துவிடுவார்களோ என்று சாலையைப் பார்ப்பேன். ஆறாம் நாள் வந்தது வேறு செய்தி. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் இறந்துவிட்டாள். அவளை நான் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். அது எனக்குத் தெரியும்.

எட்டாம் நாள் தனியாகப் போனேன். டாக்டரம்மா வரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். சூளையில் புகை போய்க்கொண்டிருந்தது. அவன் மொட்டைத் தலையோடு குடிசை நிழலில் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் காலுக்கு நடுவே ஒரு செங்கல்லைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தையின் சட்டையைத் தானே கழற்றினான்.

வலது தோளில் முத்து நின்றது. நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் சிவந்து, பாடப்புத்தகப் படத்தில் போட்டிருப்பது போலவே இருந்தது. பிடித்துவிட்டது. குழந்தை பிழைத்துவிட்டது. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அவன் குழந்தையை மெதுவாகத் திருப்பினான். இடது கையை என் பக்கமாகத் தூக்கிப் பிடித்தான். நான் முதல் நாள் குத்திய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினான். அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் தோல் வழவழவென்று இருந்தது.

"இத்தோட வுட்டிருந்தா?" என்றான்.

சாலையில் செங்கல் லாரி வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்து தலையில் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் புள்ளைய வெச்சினு இரு. லோடு ஏத்திட்டு வந்துர்றேன்" என்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனான்.